காற்று ஓயுமுன் தூக்கிய துணி

என் பெயர் லோகிரு. தகப்பனார் எவோய். வயது 58. துர்கானா ஏரிக்கரையில், லோயங்கலானி விமானத் திடலை ஒட்டிய வீட்டில் மனைவியுடன் வசித்து வருகிறேன். பத்தொன்பது வருடங்களாக அத்திடலில் ஆடு, ஒட்டகங்களை விரட்டிப் பாதையைக் காத்து வருகிறேன்.

காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டும் காற்றுப்பை எங்கள் ஊரில் ஒரு மாதம் தாங்காது. குலால் மலைக் காற்று கிழித்துவிடும். ஆகவே முதல் வருடமே விமானி கிப்தானுய் என்னோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். மலையடியில் புழுதி எழுந்தால் சற்று நேரத்தில் அந்த வீச்சு திடலுக்கு வரும். அது கடந்து, அடுத்த புழுதி எழாதிருந்தால் நான் என் சிவப்புப் போர்வையைத் தலைக்கு மேல் தூக்குவேன், அவர் இறங்குவார். ஒருநாளும் பிசகியதில்லை. இறங்கியதும், "என்னய்யா லோகிரு, இன்னிக்கு ஒங்க மலைக்கு யாரு மேல கோவம்?" என்பார். "ஒங்க மூஞ்சி அதுக்குப் புடிக்கல சார்" என்பேன். அதன் பிறகு இறக்கை நிழலில் அமர்ந்து என் மனைவி போட்ட டீயைக் குடிப்போம். என் மகளைப் பிரசவத்துக்கு மர்சபிட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவர்தான். அந்த நாட்கள் இனி வராது. சம்பவத்தை மட்டும் சொல்லும்படி விசாரணை அதிகாரி ஐயா கூறியதால் அதற்கு வருகிறேன்.

சென்ற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, அஞ்சல் மூட்டைகளுடன் அவர் தனியாக வந்தார். சாலை போட்டாயிற்று என்று விமானம் வருவதை நிறுத்துகிறார்கள். அதுதான் கடைசி நடை. காற்று பேயாக அடித்தது. இரண்டு முறை தாழ வந்து மேலே ஏறிவிட்டார். மூன்றாம் முறையும் துணி ஏறாவிட்டால் திரும்பிவிடுவது அவர் வழக்கம். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. அப்போது மலையடியில் புழுதி எழுவதைக் கண்டேன். கண்டும், அது வருமுன் இறங்கிவிடுவார் என்று துணியைத் தூக்கினேன். சக்கரம் தரையைத் தொடும் சமயம் காற்று பக்கவாட்டில் அடித்து ஓர் இறக்கையைக் கிளப்பியது. மறு இறக்கை கல்லில் மோதி விமானம் சாய்ந்தது. அதன் பிறகு நான் ஓடிப்போய் அவரை வெளியே இழுத்தேன். மணிக்கட்டு முறிந்திருந்தது. "யோவ், டீயாவது ஒழுங்கா போட்டியா?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

அதன் பிறகு, தாம் துணியைப் பார்க்கவே இல்லை, கணிப்புத் தவறு தம்முடையதே என்று அவர் எழுதிக் கொடுத்திருப்பதாகவும், அதனால் அவருடைய உரிமம் பறிபோகும் என்றும் கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமல் நானாகவே இங்கு வந்தேன். போர்வையையும் ஒப்படைத்துவிட்டேன்.

பத்தொன்பது வருடத்தில் அவர் என் துணியைப் பார்க்காமல் இறங்கியதே கிடையாது. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது உண்மை. அவர் சொன்னதுதான் பொய்.

இடது பெருவிரல் ரேகை: லோகிரு