மேல் வழி

உங்கள் போலீஸ் ஜீப்பின் ஹாரன் பாறையடியில் அலறியதும் கழுகு கூட்டை விட்டுப் பறந்துவிட்டது. எதிர்ப்பாறையில் பாருங்கள், குஞ்சு வெயிலில் தனியாகக் கிடக்கிறது. காட்டுக்குள் ஹாரன் அடிக்கக் கூடாது என்பதைக்கூட உங்கள் டிரைவருக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. பரவாயில்லை, உட்காருங்கள். பறவைக்குத் தெரியாமல் ஒளிந்து படம் எடுக்கும் கூடாரம், சிறியது. கேமரா ஸ்டாண்டை மட்டும் இடித்துவிடாதீர்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

கூட்டுக்குக் கீழே, பாறை விளிம்பில் கிடப்பவர் என் தங்கையின் கணவர். கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர். மாப்பிள்ளையை மோவாயில் கை வைக்கச் சொல்லி, பெண்ணை வெட்கப்படச் சொல்லி எடுப்பார். அதற்குக் கலை என்று பெயரும் வைத்திருந்தார். நான் வருடக்கணக்கில் பூச்சிக்கடியில் உட்கார்ந்து எடுத்த பருந்துப் படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், மூஞ்சிய உர்ருன்னு வச்சிருக்கு? கொஞ்சம் சிரிக்கச் சொல்லக் கூடாதா?" என்றார். வீடே சிரித்தது. தங்கை கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தக் கோபத்தில் செய்ததாக எழுதிவிடாதீர்கள். கோபப்படும் அளவுக்கு அவர் பெரிய ஆள் இல்லை.

கழுகுக்குக் கண் கூர்மை. ஆனால் எண்ணத் தெரியாது. கூடாரத்துக்குள் ஒருவர் போவதைப் பார்த்துவிட்டால் பக்கத்தில் வராது. இரண்டு பேராக உள்ளே போய், ஒருவர் மட்டும் அதன் கண்ணெதிரே வெளியேறி நடந்துவிட்டால், எல்லோரும் போய்விட்டார்கள் என்று நம்பிவிடும். எங்கள் தொழிலில் இது பழைய தந்திரம். அப்படி வெளியேறிப் போகத்தான் அவரை அழைத்து வந்தேன். அந்த வேலைக்கு நடக்கத் தெரிந்தால் போதும்.

குஞ்சு வைத்திருக்கும் கழுகு, கூட்டுக்கு மேலே ஆள் நடமாட்டம் கண்டால் நகத்தை விரித்துப் பாயும். அந்தப் பாய்ச்சல் என்னிடம் இல்லாத படம். கீழ்ப்பாதை நேராக ரோட்டுக்குப் போகிறது. நான் மேல் வழியைக் காட்டி, சீக்கிரம் போய்விடலாம் என்றேன். அது கூட்டின் தலைக்கு மேலே போகும் வழி.

"சரி மச்சான். என்னையும் ஒரு ஓரமா படத்துல சேத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வாய்விட்டுக் கேட்டதை நான் மறுக்கவில்லை.

கழுகு அதன் வேலையைச் செய்தது. நான் என் வேலையைச் செய்தேன். நடக்க வேண்டியவர் மட்டும் விழுந்துவிட்டார்.

ஏன் இறங்கிப் போகவில்லை என்று கேட்கிறீர்கள். நான் வெளியே தலை காட்டினால், உள்ளே ஆள் இருப்பது கழுகுக்குத் தெரிந்துவிடும். பிறகு கூட்டுக்குத் திரும்பாது. குஞ்சு பட்டினியில் சாகும். போன உயிருக்காக இருக்கிற உயிரைக் கெடுப்பதா? ராத்திரி முழுக்க இந்த இடத்தை விட்டு நகரவில்லை. தங்கை போன் மேல் போன் செய்தாள். சத்தம் ஆகாதென்று அணைத்து வைத்தேன். அவளுக்கு எண்ணத் தெரியும், அதனால்தான் உங்களை அழைத்து வந்திருக்கிறாள். ஜீப்புக்குப் பக்கத்தில் அழுவது அவள்தானே? கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

மேல் வழியில் அவரை அனுப்பியது நான்தான். என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் அனுப்பினேன். கழுகின் மேல் பழியைப் போட வேண்டாம். ஆனால் அவர் துடித்துக் கிடந்தபோது வேடிக்கை பார்த்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. நேற்று மதியம் விழுந்த அந்த நிமிடமே உயிர் போய்விட்டது. காற்று பலமாக அடித்தது, கூப்பிட்டதாக எதுவும் காதில் விழவில்லை.

கேமராவா? தாராளமாகப் பாருங்கள். பட்டனை மெதுவாக அழுத்துங்கள். கடைசிப் படத்தில் கழுகு குஞ்சுக்கு இரை ஊட்டுகிறது. கீழே ஓரத்தில் தெரிவது அந்தப் பாறை விளிம்பு. எப்போது எடுத்தது என்றா கேட்கிறீர்கள்? நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்:

"இன்னிக்குக் காலையில, நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி எடுத்தது சார். கழுகோட கண்ணு, அலகு எல்லாம் துல்லியமா விழுந்திருக்கு, மாப்பிள்ளைதான் கைய ஆட்டிக்கிட்டே இருந்து அந்த ஓரத்தக் கெடுத்துட்டாரு."