கீத்து போட்ட உப்புக் குவியல்

மரக்காணத்தில் பாண்டி பஸ் கிளம்பியதும், என் முன் சீட்டில் இருந்த உப்பளத்து அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் கணீரென்று சொன்னாள்:

“எங்க மருமகனைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுத்ததே நாங்கதான்.”

“என்னாக்கா சொல்ற!”

“வெளிநாட்டுப் படகுல வந்த கடத்தல் சரக்கு. உப்புக் குவியல்ல பொதைச்சு, மேல தென்னங்கீத்து போட்டு மூடிட்டான். மழைக்குத்தானே மூடுவோம்? சித்திரை வெயில்ல எவன் மூடுவான்? பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சு.”

“கடத்தலுக்குப் புதுசா வந்திருக்கிற சட்டத்துல ஜாமீனே கிடையாதாம்க்கா.”

“வேணாம். சரக்கு போச்சுன்னு அந்தக் கடத்தல் கும்பல் கையால சாவறதுக்கு உள்ளயே கெடக்கட்டும்.”

“உன் பொண்ணு அழுவலையா?”

“அவளா? குவியலைக் காட்டினது மட்டும்தான் நான். ஸ்டேஷனுக்குப் போன் போட்டதே அவதான்.”