முப்பத்தாறு படங்கள்

தங்கை: இல்லண்ணா, நேத்தும் இதையேதான் சொன்னே. ஃபிலிம் கழுவுற கெமிக்கல் தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வரணும்னு.

அண்ணன்: தீர்ந்துதான் போச்சு…

தங்கை: போன வாரம் டார்க் ரூம் கதவு சரியா மூடலை. அதுக்கு முந்தி உனக்குச் சளி. எனக்குக் கல்யாணம் ஆகி மூணு வாரம் ஆச்சு. ஒரு ரோல் கழுவ இவ்வளவு நாளா?

அண்ணன்: ஃபிலிம்னா பொறுமை வேணும்மா. போன் மாதிரி தட்டினதும்…

தங்கை: போன் பேச்சை நீ எடுக்காதே. கல்யாணத்துக்கு வந்தவங்க போனையெல்லாம் வாங்கிப் பையில போட்டுப் பூட்டினதே நீதான். என் பழைய கேமரா ஒண்ணு போதும்னு மார்தட்டினே.

அண்ணன்: தட்டினேன்…

தங்கை: மாமியார் தினமும் கேக்குறாங்க. ஹால்ல படம் மாட்ட ஆணியே அடிச்சாச்சு.

அண்ணன்: ஆணியுமா?

தங்கை: ரெண்டு ஆணி.

அண்ணன்: கொஞ்சம் உக்காரு. அந்த அலமாரியைப் பாரு.

தங்கை: என்ன, காலியா கிடக்கு… உன் பதினேழு கேமராவும் எங்கே?

அண்ணன்: பெட்டியில கட்டிட்டேன். லென்ஸ், தோல் உறை, லைட் மீட்டர், எல்லாத்தையும். சாயங்காலம் பழைய கேமரா வாங்குற கடைக்காரர் வந்து எடுத்துட்டுப் போயிடுவார்.

தங்கை: உன் உசிரே அதுலதானே இருக்கு. ஏண்ணா?

அண்ணன்: படம் விழலைம்மா. ஒண்ணுகூட.

தங்கை: ஒண்ணுகூடவா?

அண்ணன்: ஃபிலிம் நுனி உள்ளே இருக்கிற உருளையில மாட்டவே இல்லை. நான் பாட்டுக்கு லீவரை இழுக்கிறேன், க்ளிக்குனு சத்தம் வருது, நம்பரும் ஏறுது. ஃபிலிம் மட்டும் நகரவே இல்லை. ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம்தான்; அதைத் தாண்டி நாப்பதுன்னு காட்டினப்பவே ஏதோ தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. வெளியே சொல்ல முடியலை, சிரிச்சுக்கிட்டே எடுத்தேன். நீ கையெழுத்துப் போட்டது, அப்பா கண்ணைத் துடைச்சது, உன் மாமியார் தலையை இப்படியும் அப்படியும் சாய்ச்சு அரை மணி நேரம் போஸ் குடுத்து நின்னது…

தங்கை: அரை மணி நேரமும் வீணா?

அண்ணன்: கழுவிப் பார்த்தேன். ஒரு உருவமும் இல்லாம சுருள் கண்ணாடி மாதிரி இருக்கு. நீ ஏன் சிரிக்கிறே?

தங்கை: அவங்க சாய்ச்ச தலையை நினைச்சேன்…

அண்ணன்: சிரிக்காதே. இருபது வருஷமா ஃபிலிம் போடுறேன். முந்தின நாள் ராத்திரியே மாட்டி, ரெண்டு தடவை லீவர் இழுத்துப் பார்த்துத்தான் மூடினேன். அப்படியும் நழுவியிருக்குன்னா, என் கை போச்சுன்னு அர்த்தம். இனி எனக்குக் கேமரா வேண்டாம்.

தங்கை: கடைக்காரரை வர வேண்டாம்னு சொல்லு.

அண்ணன்: இரக்கப்படாதேம்மா.

தங்கை: இரக்கம் இல்லை. ஞாயித்துக்கிழமை எல்லாரும் அதே துணியைப் போட்டுக்கிட்டு வர்றோம். நீயே எடு. மாமியார்கிட்ட நான் பேசிக்கிறேன்.

அண்ணன்: இவ்வளவு பெரிய தப்புப் பண்ணினவனை மறுபடி நம்பி…

தங்கை: உன் தப்புன்னு யார் சொன்னா? மூணு வாரமா உன்னைத் துளைச்சு எடுத்தது மாமியாருக்காக இல்லை, பயத்துல. கல்யாணத்தன்னிக்குக் காலையில நீ குளிக்கப் போயிருந்தே. ஃபிலிம் போட்டியோ மறந்துட்டியோன்னு ஒரு சந்தேகம்… கேமரா பின்பக்கத்தைத் திறந்தேன். நுனி கழண்டு வெளியே வந்துடுச்சு. நானே பத்திரமா உள்ளே தள்ளி மூடி வெச்சேண்ணா.