மேற்கே திருப்பினால் உதறாத கார்

பகல் பன்னிரண்டு ஐந்து. ராத்திரி இல்லை... பகல். புத்தூரிலிருந்து கார்வேட்டிநகரம் போகிற ரோட்டை விட்டு இறங்கி, மாந்தோப்புகளுக்குள் நுழைகிற ஒரு மண் பாதை. முன்னால் ஆள் இல்லை. பின்னால் ஆள் இல்லை. ஒரு பழைய டர்போ டீசல் கார் அந்தப் பாதையில் ஊர்ந்து போகிறது. ஓட்டுகிறவன் மணிவேல். எங்கே போகிறோம் என்று அவனுக்குத் தெரியாது.

வண்டிக்குத் தெரியும்.

நம்ம வேதாச்சலம் இதை இப்படித்தான் ஆரம்பிப்பான். மணிவேல் அவனுக்குப் பெரியப்பா மகன். கதை விடுகிற ஆள் இல்லை. ஒரு போல்ட்டைக் கழற்றினால்கூட, எந்த ஓட்டைக்கு எந்த போல்ட் என்று சாக்பீஸால் எழுதி வைத்துவிட்டுத்தான் அடுத்ததில் கை வைப்பான். அதனால் வரிசை மாறாமல் கேளுங்கள்.

மணிவேலுக்குப் புத்தூரில் சொந்தமாக ஒரு மெக்கானிக் ஷெட். தங்கை சந்தியாவை நகரியில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை கிஷோர் அங்கே பவர்லூம் ஓட்டுகிறவன். சித்தூரில் யாரிடமோ செகண்ட் ஹேண்டில் அவன் வாங்கி வந்த கார் இது. பதினைந்து வருஷத்து வண்டி. ஓடினால் ஒரு குறையும் கிடையாது. நின்றால்தான் வியாதி. ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் ஐட்லிங்கில் விட்டால் போதும்... டக், டக், டடக்... டக். ஸ்டியரிங் நடுங்கும். பக்கத்துக் கண்ணாடியில் ஒரு லாரி இரண்டாகத் தெரியும். சில நேரம் அப்படியே அணைந்துபோகும்.

சனிக்கிழமை குழந்தைக்குத் திருமலையில் மொட்டை. பதினோரு மாதப் பிள்ளை, யோகேஷ் என்று பெயர். சொந்தக் காரில்தான் மலை ஏறுவேன் என்று கிஷோர் பிடிவாதமாக நின்றான். மலைப் பாதையின் வளைவில் இன்ஜின் அணைந்தால் என்ன ஆகும் என்று மணிவேலுக்குத் தெரியும். பிரேக் கல்லாகிவிடும். ஸ்டியரிங் திரும்பாது. பின் சீட்டில் தங்கை, அவள் மடியில் பிள்ளை.

“வெள்ளிக்கிழமைக்குள்ள ஆவுமா, ஆவாதா? திருப்பதில ஒரு மெக்கானிக் கீறான் மச்சான், சாலா மஞ்சிவாடு, ரொம்ப நல்லவன்” என்றான் கிஷோர்.

“அவன்கிட்ட தள்ளிக்கினு போவவும் நான்தான் ஆள் புடிக்கணும். வெச்சிட்டுப் போ மாப்ள.”

செவ்வாய்க்கிழமை டீசல் ஃபில்டரை மாற்றினான். உதறல் போகவில்லை. புகையை இன்ஜினுக்கே திருப்பி அனுப்புகிற வால்வைக் கழற்றினான். உள்ளே தார் மாதிரி கரி. ஊறப்போட்டு, தேய்த்து, மாட்டினான். போகவில்லை. டர்போவிலிருந்து காற்று வருகிற ரப்பர் குழாயில் சோப்புத் தண்ணீர் அடித்தான். ஒரு மடிப்பில் குமிழி கிளம்பியது. குழாயே புதுசாக வந்தது. போகவில்லை.

புதன்கிழமை, இன்ஜினை ஓடவிட்டு, டீசலைப் பீய்ச்சுகிற நான்கு இன்ஜெக்டரின் ஒயரையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். கெட்டுப்போன இன்ஜெக்டரைப் பிடுங்கினால் சத்தம் மாறாது. நல்லதைப் பிடுங்கினால் இன்ஜின் தொய்யும். நான்கிலும் தொய்ந்தது. நான்கும் நல்லவை. ஸ்கேனரும் குறை இல்லை என்றது.

ஆனாலும் உதறியது. கிளம்பு, கிளம்பு என்று சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி...

வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு டிராக்டர் உள்ளே வர இடம் வேண்டியிருந்தது. காரை வெளியே எடுத்துத் திருப்பி நிறுத்தினான். சத்தம் சட்டென்று அடங்கிவிட்டது. அணைந்துவிட்டதோ என்று மீட்டரைப் பார்த்தான். முள் எண்ணூறில், ஆணி அடித்தாற்போல் நின்றது. வண்டியின் மூக்கு மேற்கே.

தரை வாட்டமாக இருக்கும், டேங்க்கில் டீசல் ஒரு பக்கமாக ஒதுங்கும் என்று நினைத்தான். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிவந்து வைத்தான். தரை மட்டம்தான். ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் வண்டியை நான்கு பக்கமும் திருப்பினான். வடக்கே... உதறல். கிழக்கே... அணைந்தே போனது. தெற்கே உதறல். மேற்கே, பட்டுத் துணி மாதிரி. மூன்று சுற்று சுற்றினான். மூன்று தடவையும் அதேதான்.

சிரிக்காதீர்கள். அவன் சிரிக்கவில்லை. விடிந்தால் வெள்ளி.

வேறொருவனாக இருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு, என்னால் ஆகவில்லை என்று சொல்லியிருப்பான். ஒரு குறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்காமல் விடுகிற பழக்கம் மணிவேலுக்குக் கிடையாது. அவன் பிழைப்பே அதுதான். அவன் செய்த தப்பும் அதுதான். வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு, தனியாக, மேற்கே கிளம்பினான்.

ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நிறுத்தி, நியூட்ரலில் போட்டுக் காது கொடுத்தான். பட்டு... பட்டு... பட்டு. ஓரிடத்தில் நிறுத்தியபோது, டடக். ரிவர்ஸ் எடுத்தான். கொஞ்சம் கொஞ்சமாக மூக்கைத் திருப்பினான். இடது பக்கம் வந்ததும் அடங்கியது. அங்கே ஒரு மண் பாதை.

அதுதான் முதலில் சொன்ன பாதை.

தோப்பில் காய் பறித்து முடிந்திருந்தது. விழுந்த பழம் வெயிலில் வெந்து, புளித்த வாடை. ஒரு இலை அசையவில்லை. பாதை ஒரு இரும்பு கேட்டில் முடிந்தது. சங்கிலி, பூட்டு, எல்லாம் துரு. அந்த கேட்டின் முன்னால் இன்ஜின் ஓடுகிறதா என்றே சந்தேகம் வந்தது அவனுக்கு. அவ்வளவு மெத்து.

டர்போ வண்டியை ஓட்டிவந்த சூட்டோடு அணைக்கக் கூடாது. ஒரு நிமிஷமாவது சும்மா ஓடவிட வேண்டும். டர்போ குளிரட்டும் என்று அவனும் உட்கார்ந்தபடி எண்ண ஆரம்பித்தான். பத்து... இருபது...

நாற்பதில், கேட்டுக்கு அந்தப் பக்கம் சருகு மிதிபட்டது.

சரக்... சரக்... சரக்.

ஆள் தெரியவில்லை. மர நிழல்கூட அடிமரத்தோடு ஒட்டிக்கிடக்கிற உச்சி வேளை. சத்தம் கேட்டைத் தாண்டியது. அவன் ஜன்னலைத் தாண்டியது. பின்பக்கம் போய் நின்றது.

டொக்.

பின் கதவின் கைப்பிடி. கதவு திறக்கவில்லை. ஆனால் ஆள் ஏறி உட்கார்ந்தால் வண்டி பின்னால் தாழுமே... அப்படித் தாழ்ந்தது. ஏற்றிய கண்ணாடிக்குள் புளித்த மாம்பழ வாடை.

அறுபது எண்ணவில்லை. ரிவர்ஸில் மண் பறக்க வந்தவன், புத்தூர் வரும்வரை உள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஷெட்டில் பார்த்தான். பின் சீட் காலி. சீட்டின் ரெக்சினில் மட்டும் ஒரு குழி, மேலே எழும்பாமல்...

இறங்கி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. மைதானத்தில் நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தான். மேற்கே, இப்போது உதறல். தெற்கே பட்டு.

தெற்கே நகரி.

பேட்டரி ஒயரைக் கழற்றினான். போன் போட்டான்.

“மாப்ள, டீசல் பம்ப் பூடுச்சி. நாளைக்கு பஸ்ல போங்க.”

“நாலு நாளா இன்னாத்த புடுங்கிக்கினு இருந்த நீ?”

“திட்டு. நாளைக்கி வந்தும் திட்டு. பஸ்ல போ.”

போனார்கள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு சந்தியா போட்டோ அனுப்பினாள். மொட்டைத் தலை, சந்தனம், அழுத முகம். மணிவேலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்த கையோடு பேட்டரியை மாட்டிப் பார்த்தான். தெற்கே நகரி பக்கம் வைத்தான். உதறியது. மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தான். வடமேற்கில் அடங்கியது.

திருப்பதி மலை அந்தப் பக்கம்தான்.

அப்படியே ஓடவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். மூன்று மணி வரை பட்டு. மூன்று பத்துக்கு லேசாக ஒரு உதறல். மூக்கை ஒரு சாண் நகர்த்தினான், அடங்கியது. மூன்று இருபதுக்கு மறுபடி. மறுபடி ஒரு சாண். எங்கோ ஒரு பஸ் கிளம்பிவிட்டது. அந்த பஸ் நகர நகர, இந்த வண்டி பார்க்கிற பக்கமும் நகர்கிறது.

அது ஊரைப் பார்க்கவில்லை.

சந்தியாவுக்குப் போன் அடித்தான். புத்தூரில் இறங்காதே, நேராக வீட்டுக்குப் போ என்று சொல்ல. ஸ்விட்ச் ஆஃப். கிஷோருக்கு அடித்தான். முழுசாக அடித்து நின்றது. வண்டியை ஷெட்டுக்குள் கொண்டுவந்து அணைத்து, பேட்டரியைக் கழற்றித் தூக்கி வெளியே வைத்தான். நான்கு கதவையும் பூட்டினான். ஷட்டரை இழுக்கப் போனபோது, வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

“சண்டையெல்லாம் வேணாம் மச்சான்! இந்தா, பிரசாதம். லட்டு துன்னு” என்று சிரித்துக்கொண்டே கிஷோர் இறங்கினான். அவனுக்கு முன்னால், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தியா ஷெட்டுக்குள் வந்துவிட்டாள்.

“உள்ள வராத!”

அவன் கத்தியதற்கும் அதற்கும் ஒரே நொடி.

டொக்.

பூட்டிய கார், பேட்டரி இல்லாத கார்... அதன் பின்பக்கம் மெல்ல எழும்பியது. யாரோ இறங்கிய மாதிரி.

“இன்னாணா, ஏன் இப்டி கத்தற? கொழந்த பயந்துக்கப் போறான்” என்றாள் சந்தியா.

பிள்ளை பயப்படவில்லை. அழவும் இல்லை. அவள் அவனை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். அப்புறம் இரண்டு கையாலும் பிடித்தாள். அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரில் கை ஊன்றிக்கொண்டாள்.

“இன்னாணா இது... மலைலருந்து நான்தான் தூக்கிக்கினு வரேன், ஒண்ணும் தெரியல. இப்ப இன்னா இவன் இப்டி கனக்கறான்?”