மூன்றாம் மாடியில் மாட்டிய அட்டை

படுக்கை விரிப்பு மாற்றிப் பழகியவனுக்கு மனிதர்கள் மேல் பெரிய மரியாதை இருக்காது, ஐயா. நான் அந்த வேலையில் தொடங்கி மேனேஜர் ஆனவன்.

தொற்று வந்ததும் ஹோட்டலில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். முதலாளி வீட்டுக்குள் பதுங்கிக்கொண்டு, "நீ பாத்துக்கப்பா" என்று போனில் தைரியம் சொன்னார். பாதி ஆட்களை வேலையை விட்டு அனுப்பினேன். அழுதார்கள். அவர்களுக்கு அழுகை சும்மாவே வரும். காலி அறைகளில் குழாய்களைத் திறந்து மூடுவதுதான் என் வேலையாக இருந்தது.

ஊரடங்கு தளர்ந்ததும், ஒருவழியாக ஒரு கம்பெனி தன் கூட்டத்துக்கு அறைகள் கேட்டது. "இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா இழுத்து மூடிற வேண்டியதுதான்" என்றார் முதலாளி.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள், மூன்றாம் மாடிக் கோடி அறையில் தங்கியிருந்த விற்பனைப் பிரதிநிதிக்குக் காய்ச்சல் கண்டது. வரும்போதெல்லாம் எங்கள் துண்டைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போகிற ஆள். "தம்பி, மூச்சு வாங்குது, டாக்டரைக் கூப்பிடுங்க" என்று போன் செய்தார். டாக்டர் வந்தால் பின்னாலேயே ஹோட்டலுக்குச் சீல் வைப்பவர்களும் வருவார்கள்.

"இதோ வந்துருவாருங்க" என்றேன். மேலே போய், 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையை அவர் கதவில் மாட்டினேன். அதைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள்; அப்படிப் பழக்கி வைத்திருக்கிறேன். அவர் அறையிலிருந்து கீழே ரிசப்ஷனுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அந்த இணைப்பைப் பிடுங்கினேன். அவர் செல்போன் சார்ஜ் போடக் கொடுத்து எங்களிடம்தான் கிடந்தது. எழுந்து வந்துவிட்டால் என்ன செய்வது என்று வெளியிலிருந்து பூட்டவும் செய்தேன்.

அறை துடைக்கும் பெண் மட்டும் வந்து நின்றாள்.

"சார், உள்ள முனகுற சத்தம் கேக்குது. ஒரு எட்டு பாத்துடலாமே."

"அட்டை தொங்குதில்ல? போய் உன் வேலையப் பாரு."

போய்விட்டாள். இப்போது உங்களிடம் வந்து ஒப்பாரி வைக்கிறாளாமே. அன்றைக்கு எங்கே போயிற்று அந்த நெஞ்சு?

கூட்டம் நன்றாக நடந்தது. கம்பெனிக்காரர்கள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு வயிறு முட்டத் தின்றார்கள். உபசரிப்பு பிரமாதம் என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் கிளம்பிய பிறகுதான் பூட்டைத் திறந்தேன். கதவை ஒட்டித் தரையில் கிடந்தார். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

கொலை என்கிறீர்கள். நான் அவர் மேல் கை வைக்கவே இல்லையே. உள்ளேயிருந்து தட்டினார், உண்மைதான். நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மெதுவாகத்தான் தட்டினார். கீழே கூட்டத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று நினைத்திருப்பார். அந்த நாகரிகமாவது அவரிடம் இருந்தது.