சுக்கானில் நான் போடாத வட்டம்

படகுப் பட்டறையில் எல்லோராலும் தட்டுக்காரர் என்று அழைக்கப்படுபவரும், வயது எழுபத்தெட்டு ஆனவரும், மனைவியை இழந்தவரும், பட்டறையின் பின்வாசலை ஒட்டிய தகரக்கூரை அறையில் முப்பத்தொரு வருடமாகக் குடியிருப்பவருமான நான், விசாரணை அதிகாரியின் முன்பாக, யாரும் சொல்லிக் கொடுக்காமல் தரும் இரண்டாவது வாக்குமூலம் இது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கரையேற்றிய படகை நிறுத்தும் தாங்கிகளில் எதில் எந்தப் படகு நின்றது என்பதை வைத்துத்தான் நாட்களை நினைவு வைத்திருக்கிறேன். நான் அப்படிச் சொல்லச் சொல்ல, அதிகாரி பட்டறைப் பதிவேட்டைப் பார்த்துத் தேதிகளை நிரப்பிக்கொண்டார். ஒரு நாளும் தவறவில்லை என்று அவரே சொன்னார்.

என் தொழில், கரையேற்றிய படகை மரச்சுத்தியலால் தட்டி, அதன் சத்தத்தைக் கேட்டுப் படகு நல்லதா கெட்டதா என்று சொல்வது. நல்ல இடம் கணீரென்று பேசும். தண்ணீர் புகுந்த இடம் ஈரத் துணியை அடித்தது போல இருக்கும். கெட்ட இடத்தைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போடுவேன். படித்த பரிசோதகர்களும் வருவார்கள். கையில் ஈரம் அளக்கும் மீட்டர் வைத்திருப்பார்கள். ஆனாலும் கையெழுத்துப் போடும் முன்பு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு, என் ஒரே மகளும் அவளைக் கட்டிக்கொள்ள இருந்த மாப்பிள்ளையும் இருபத்தாறு அடிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்குவதற்காக என்னிடம் காட்டினார்கள். நான் அதில் ஏழு வட்டம் போட்டேன். பட்டறை ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது ரெண்டு வருஷம் தாங்காது, வாங்கறவனுக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்ல" என்று சொன்னேன். ஆட்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை தன் கைக்குட்டையை நனைத்து ஏழு வட்டத்தையும் அழித்தார். அதன் பிறகு அந்தப் படகையே வாங்கினார்கள். அதிலேயே குடியும் இருந்தார்கள். என் மகள் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. வருடத்துக்கு ஒரு முறை யாராவது மாலுமி வந்து, "உங்க பொண்ணு சொல்லச் சொல்லுச்சு, படகு இன்னும் மிதக்குதாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஒன்பது முறை அப்படிச் சேதி வந்தது. அந்தப் படகு இன்றைக்கும் மிதக்கிறது. நான் சொன்னது தப்பு.

மூன்றாம் மாதம் ஒன்பதாம் தேதி, ஏழாம் தாங்கியில் மஞ்சள் மீன்பிடிப் படகு நின்ற அன்று காலை, மகளும் மாப்பிள்ளையும் பட்டறைக்கு வந்தார்கள். பெரிய படகாக வாங்கி, இரண்டு வருடம் தூரக் கடல்களுக்குப் போகப் போவதாகச் சொன்னார்கள். பழைய படகின் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. ஒன்பது வருடம் குனிந்தே சமைத்ததில் மகளுக்கு முதுகு போய்விட்டது. அவள் நடந்து வந்தபோதே அது எனக்குத் தெரிந்தது. விற்பனைக்கு மூன்று படகுகள் இருக்கின்றன, தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். "வட்டம் மட்டும் போட்டுடாதீங்கப்பா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அதன் பிறகு மூன்று படகுகளையும் பார்த்தோம். மூன்றுக்கும் தரகர் ஒருவரே. பேச்சும் படகும் பளபளவென்று இருப்பதால் அவருக்குப் பட்டறையில் பாலிஷ் என்று பெயர்.

முதலாவது முப்பத்தெட்டு அடி இரும்புப் படகு. முன்னிருந்து பின் வரை தட்டினேன். எல்லா இடமும் மணி போலப் பேசியது. மாப்பிள்ளை உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இது படகா தண்ணி டேங்கா? ஜன்னலே இல்லையே" என்றார். மகள் உள்ளே இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. நான் அந்தப் படகுதான் நல்லது என்று சொல்லியிருக்க வேண்டும். "கெட்டியா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். "சிறைச்சாலையும் கெட்டியாத்தான் மாமா இருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

இரண்டாவது நாற்பதடி மரப் படகு. அதன் இன்ஜினைக் கழற்ற வேண்டுமென்றால் தளத்தையே அறுக்க வேண்டும் என்று மாப்பிள்ளையே கண்டுபிடித்துத் தள்ளிவிட்டார். தட்ட வேண்டிய தேவை வரவில்லை.

மூன்றாவது நாற்பத்திரண்டு அடி வெள்ளை பைபர் படகு. இந்த வழக்கில் உள்ள படகு அதுதான். கரையேற்றி ஐந்து நாள் ஆகியிருந்தது. மகள் ஏணியில் ஏறி உள்ளே போனாள். அங்கே சமையல் மேடை வளைந்து இருக்கும். படகு ஆடினாலும் இடுப்பை முட்டுக்கொடுத்து நிற்கலாம். அவள் அதில் நிமிர்ந்து நின்று இரண்டு கையையும் மேலே தூக்கிப் பார்த்தாள். கூரை இடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கையை இறக்காமல் அப்படியே நின்றாள். நான் ஏணியின் மேல் படியில் நின்று அதைப் பார்த்தேன்.

அதன் பிறகு கீழே இறங்கித் தட்ட ஆரம்பித்தேன். படகின் உடல் நன்றாக இருந்தது. கடைசியாகச் சுக்கானுக்கு வந்தேன். சுக்கான் என்பது படகைத் திருப்புவதற்காகப் பின்னால் தண்ணீருக்குள் நிற்கும் பலகை. வெளியே வழவழப்பாக இருக்கும். உள்ளே ஒரு இரும்புத் தண்டும், அதில் பற்றவைத்த பட்டைகளும் இருக்கும். உள்ளே தண்ணீர் புகுந்தால் அந்தப் பட்டைகள் துருப்பிடித்து விட்டுப்போகும். பிறகு சக்கரத்தை எவ்வளவு சுற்றினாலும் தண்டுதான் திரும்பும், பலகை திரும்பாது. சுக்கானின் நடுவில் தட்டியபோது ஈரத் துணிச் சத்தம் கேட்டது. மூன்று முறை தட்டினேன். மூன்று முறையும் அதே சத்தம். குனிந்து பார்த்தேன். கீழ் விளிம்பில் பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு நின்றது. உள்ளே துரு இருந்தால்தான் அந்த நிறம் வரும்.

சாக்பீஸ் என் சட்டைப் பையில் இருந்தது. எடுக்கவில்லை. மகள் ஏணியில் இறங்கி வரும் சத்தம் கேட்டது. தோளில் கிடந்த துணியால் அந்தச் சொட்டைத் துடைத்தேன்.

தரகர் பக்கத்தில் வந்து, "பெரியவரே, ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க, பின்னாடி என் தலையை உருட்டக் கூடாது" என்றார். "ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் கேட்டார், நான் இல்லை என்றேன். இதை இப்படியே எழுதிக்கொள்ளும்படி அதிகாரியிடம் சொன்னேன்.

நான் அப்போது நினைத்தது இதுதான். படகு வாங்கியதும் இரண்டு வாரமாவது பட்டறையில் நிற்கும், அடியில் பெயிண்ட் அடிப்பார்கள். அந்த இரண்டு வாரத்தில் நானே சுக்கானைக் கழற்றிப் பிளந்து பட்டைகளை மாற்றிப் பற்றவைத்து மூடிவிடலாம். கேட்டால், சும்மா பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் தனக்குப் பிடித்த படகை வாங்கியது போலவும் இருக்கும், நான் குறை சொல்லாதது போலவும் இருக்கும். அப்படி நினைத்தேன்.

அன்று மதியம் மூன்று பேரும் என் அறையில் உட்கார்ந்தோம். நாற்காலி இரண்டுதான் இருந்தது. மாப்பிள்ளை பெயிண்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். மகள் டீ போட்டாள். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று கேட்காமலே எடுத்தாள்.

நான்கு நாள் கழித்துப் படகு அவர்கள் பேருக்கு மாறியது. பெயிண்டை எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டேன். இந்தப் படகின் அடி ஆழம் அதிகம் என்பதால் கடல் நன்றாக உயரும் பெரிய ஏற்றத்தண்ணீர் நாளில்தான் இறக்க முடியும், அது நாளைக்கு, விட்டால் அடுத்த மாதம் என்று மாப்பிள்ளை சொன்னார். பெயிண்ட் போன வருடம்தான் அடித்ததாம். நான் சரி என்றேன். அன்று மாலை முழுவதும் அவர்களுக்குக் கயிறு சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

மறுநாள், மூன்றாம் மாதம் பதினான்காம் தேதி, கிரேன் ஓட்டுபவர் படகை அகலமான துணிப் பட்டைகளில் தூக்கித் தண்ணீருக்கு மேலே நிறுத்தினார். பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தொங்கும் படகை நான் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துக் கையைத் தூக்கினால்தான் கிரேன் ஓட்டுபவர் இறக்குவார். முதலாளியே வந்து சொன்னாலும் இறக்க மாட்டார். நான் சுற்றி வந்தேன். சுக்கானின் கீழே மறுபடியும் ஒரு சொட்டு நின்றது. இந்த முறை துடைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது தண்ணீருக்குள் போய்விடும்.

"மாமா, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று மாப்பிள்ளை மேலிருந்து கேட்டார்.

"என்ன சொல்லணும்?"

"நல்லா இருக்குன்னு."

"நல்லா இருக்கு" என்றேன். அவர் மகளைப் பார்த்து, "கேட்டுக்க, சாட்சிக்கு ஆள் இருக்கு" என்றார்.

கிரேன் ஓட்டுபவர், "என்ன பெருசு, கையைத் தூக்குறியா, இல்ல நான் போய்ச் சாப்பிட்டுட்டு வரவா?" என்று கத்தினார். நான் கையைத் தூக்கினேன். படகு இறங்கியது.

அதன் பிறகு நடந்தது எனக்கு நேரில் தெரியாது. மகள் மருத்துவமனையில் சொல்லித் தெரியும். படகு இறங்கிய இருபத்து மூன்றாம் நாள் பிற்பகல், காற்று வலுத்து, துறைமுகத்துக்குத் திரும்பி வரும்போது, சக்கரம் கையில் சும்மா சுற்றியது என்றும், படகு பக்கவாட்டில் திரும்பித் தடுப்புச் சுவரின் பாறைகளை நோக்கிப் போனது என்றும், மாப்பிள்ளை ஒரு பலகையைக் கட்டிச் சுக்கானாக வைக்கப் பின்னால் போனார் என்றும், அதன் பிறகு அவரைப் பார்க்கவில்லை என்றும் சொன்னாள். அவளைப் பாறையிலிருந்து மீட்டார்கள். வலது தோள் உடைந்திருந்தது. மாப்பிள்ளையின் உடல் இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. அடையாளம் காட்ட நான் போனேன். அவர் கையில் கயிறு அறுத்த காயம் இருந்தது. அது நான் சுற்றிக் கொடுத்த கயிறுகளில் ஒன்றாக இருக்க வேண்டும், வேறு கயிறு படகில் இல்லை.

பாறையிலிருந்து எடுத்த சுக்கான் துண்டையும் அதிகாரி எனக்குக் காட்டினார். பட்டைகள் கையால் தொட்டாலே உதிர்ந்தன. உனக்குத் தட்டியபோது எதுவும் கேட்கவில்லையா என்று கேட்டார். கேட்கவில்லை என்றேன். என் முதல் வாக்குமூலத்தில் அப்படித்தான் இருக்கிறது. அது பொய்.

குறையை மறைத்து விற்றதாக மகள் கொடுத்த புகாரின் பேரில் தரகரைக் கைது செய்தார்கள். இன்றோடு நாற்பத்தொரு நாள் அவர் உள்ளே இருக்கிறார். போன வாரம் அதிகாரி அந்தப் புகாரை எனக்கு வாசித்துக் காட்டினார். அதில் மகள், "எங்க அப்பா காதுக்கே தெரியலன்னா, அந்த ஆள் உள்ள எவ்வளவு வேலை பார்த்து மறைச்சிருக்கணும்" என்று சொல்லியிருக்கிறாள். தரகருக்கு எதிராக அதைத் தவிர வேறு பெரிய சாட்சியம் இல்லை என்று அதிகாரி சொன்னார்.

தரகர் சுக்கானை மறைக்கவில்லை. அதைத் திறந்து மூடிய தடயம் எதுவும் அதில் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அவருக்குத் தட்டத் தெரியாது. என்னைக் கேட்டார். நான் சொன்னதை நம்பினார். மகளும் மாப்பிள்ளையும் அப்படியே. கிரேன் ஓட்டியவரும் அப்படியே. தெரிந்தவன் நான் ஒருவன்தான். தரகரை வெளியே விட்டு, என் மேல் என்ன நடவடிக்கை உண்டோ அதை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை எழுதி முடித்த பிறகு, ரேகை வைக்கும் ஆளுக்குக் காவல் துறையைச் சேராத ஒருவர் முழுவதையும் வாசித்துக் காட்டிச் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அதிகாரி சொன்னார். யாரோடு வந்தாய் என்று கேட்டார். மகள் கூட்டி வந்தாள், தரகருக்கு எதிராகச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்றேன். உன் மகள் புகார் கொடுத்தவர், எதிரே டீக்கடையிலிருந்து வேறு ஒருவரைக் கூப்பிடுகிறேன் என்றார். டீக்கடைக்காரர் வாசித்தாலும் அவள் ஒரு நாள் வாசிப்பாள், இப்போதே வாசிக்கட்டும் என்றேன். அதிகாரி அவளைக் கூப்பிட்டார்.

அவள் நின்றுகொண்டே வாசித்தாள். துணியால் துடைத்தேன் என்ற இடத்தில் நிறுத்தினாள். அதிகாரி தண்ணீர் கொடுத்தார், வாங்கவில்லை. அந்த வரியை முதலிலிருந்து மறுபடியும் வாசித்து, அதன் பிறகு நிறுத்தாமல் கடைசி வரை வாசித்தாள்.

மேலே உள்ளது நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை. கேட்டுக்கொண்டேன், உண்மை.

இடது கைப் பெருவிரல் ரேகை: (வைக்கப்பட்டது)

வாசித்துக் காட்டியவர்: (கையெழுத்து, வலது தோளில் கட்டு இருப்பதால் இடது கையால் போடப்பட்டது)

ரேகை வைத்தவருக்கு இவர் என்ன உறவு: ~~மகள்~~ புகார்தாரர்

அடித்தல் ஒன்று உண்டு. வாசித்துக் காட்டியவரே அடித்தது. என் முன்பாக. விசாரணை அதிகாரி.