சாமி இல்லாத மலை

நகரியில் கிளம்பிய கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் சீருடை போட்ட இரண்டு பெண்கள்.

"சாமி இல்லாத மலையாப் பாத்து ஏறணும்," என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"கம்பெனில கூட்டிக்கினு போற மலை வெறும் பாறை வழி, சாந்தி. கார்த்திகை மழைல வழுக்கும். கால்ல பிளேட் வெச்சி ஒரு வருசம்கூட ஆவல."

"அதுக்குத்தான் சூப்பர்வைசரு லிஸ்ட்ல என் பேரை அடிச்சாரு. நான் அடிச்சதுக்குக் கீழயே திரும்ப எழுதிட்டேன்."

"வூட்டுக்காரரு?"

"திருமலைக்கு வேண்டிக்கோ, நடக்க அனுப்பறேன்னாரு. வேண்டுதல் ஒண்ணும் இல்ல, எனக்கு மலை ஏறணும், அவ்ளோதான்னேன். மூணு நாளா பேசல. நானும் தெனம் மாடிப்படி ஏறி எறங்கிக்கினுதான் இருக்கேன்."

"பாதி வழில கால் வலிச்சா?"

"உக்காருவேன். அப்பறம் ஏந்து ஏறுவேன்."